ஐந்து ஞாயிறு பழுது பார்த்த குழாய்

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த வேலையிலிருந்து நின்றுவிடுகிறேன். முப்பத்து நான்கு வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்தால் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். வீட்டு ஒயரிங் சோதனைக்குப் போன இடத்தில் யார் சொல்வதை நம்புவது? பத்து வருடமாக நான் போட்டு வைத்த சோதனைப் பட்டியல்கள் பச்சை ஃபைலில் இருக்கின்றன. எர்த் பார்ப்பது, லோடு கணக்கிடுவது எல்லாம் அதில் உண்டு. இந்தக் கேள்விக்கு மட்டும் பக்கம் இல்லை. அதற்காகத்தான் வெண்ணந்தூர் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அங்கே வீட்டுக்காரர்கள் செய்த தவறு ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான் செய்தது இல்லை.

நாமக்கல் ஆபீசுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் போன் வந்தது. பேசியவர் பெயர் கலா. வெண்ணந்தூருக்கு வெளியே சொந்த வீடு, வீட்டை ஒட்டிப் பின்னால் நான்கு தறி ஓடும் ஷெட். கணவர் போர் போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். வண்டி சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தது, தீபாவளிக்குத்தான் திரும்பும். குளியலறைக் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினீர்களா என்று கேட்டேன்.

“அதாங்க சமாச்சாரமே. எங்கூட்டுக்காரருக்குச் சினேகிதரு ஒருத்தரு இருக்கறாரு, சுந்தரண்ணன்னு. ரெண்டு பேரும் ஒரே ரிக்குல ஒம்பது வருசம் இருந்தவங்க. இப்ப அவரு இங்க மோட்டார் ரிப்பேர் பண்றாரு. அவருதான் ஞாயித்துக்கிழமையானா வந்து பாக்கறாரு. அஞ்சு வாரமா பாக்கறாரு. பாத்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அடிக்கறதில்லீங்க. பொறகு மறுக்கா அடிக்குது.”

“அவரையே இன்னொரு தடவை கூப்பிட்டு...”

“இல்லீங்க. அவருக்குத் தெரியாம நீங்க வரோணும்.” குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு வாங்க. அவரு பத்துக்குத்தான் வருவாரு. ரெண்டாங்கிளாஸ் படிக்கற எம்பொண்ணு அவரு கூடவே உக்காந்து வேலை செய்யறா. குழாய் கெட்டா போகுதுங்க. அவர ஊட்டுக்குள்ள உடலாமா, கூடாதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

ஒயரைப் பற்றிக் கேட்காமல் ஆளைப் பற்றிக் கேட்டார். அது எங்கள் வேலை இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முகம் பார்க்காத அந்த மனிதர் மேல் எனக்கும் அந்த நிமிடமே சந்தேகம் விழுந்துவிட்டது. ஐந்து வாரம் பார்த்தும் சரியாகாத குழாய் என்றால் ஒன்று அவருக்கு வேலை தெரியாது, இல்லையென்றால் சரியாக வேண்டாம் என்று நினைக்கிறார். கணவர் ஊரில் இல்லாத வீடு. இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தது அந்தச் சிறு பெண்தான். பெயர் மிதுனா. முன்பல் இரண்டு இல்லை. என் கழுத்து அட்டையையும் மீட்டரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். சின்ன ஸ்க்ரூ டிரைவர், கறுப்பு டேப் துண்டு, பாதி தீர்ந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் அட்டை.

“நானும் எலக்ட்ரீசன்தான் மிஸ். மாமா கழட்டற ஸ்க்ரூவெல்லாம் நான்தான் எண்ணி வெப்பேன். ஒன்னு கொறஞ்சாலும் மாமா ஊட்டுக்குப் போக மாட்டாரு.”

“அப்படியா? சம்பளம் எவ்வளவு?”

“சம்பளமெல்லாம் இல்லீங்க மிஸ். கல்ல முட்டாய்.”

அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கடலை மிட்டாய் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கலா ஒரு காகிதத்தை நீட்டினார். ஐந்து ஞாயிறும் என்னென்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதியிருந்தார். முதல் வாரம் குழாய் மாற்றினார். அடுத்த வாரம் கீசருக்குள் காயில். மூன்றாம் வாரம் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கீசர் சுவிட்ச் பெட்டி. நான்காம் வாரம் குளியலறையின் பின்சுவரில் ஒரு ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். ஐந்தாம் வாரம் தரைக்கு ரப்பர் பாய். எனக்கு இப்படிப்பட்ட காகிதங்கள் பிடிக்கும். அதனாலேயே இதை முழுசாக நம்பிவிட்டேன். எல்லா வேலையும் ஒரே அறையைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பதைத்தான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

கீசரைப் போட்டுவிட்டு, பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருந்த குழாயில் மீட்டரை வைத்தேன். கசிவு இருந்தது, சின்னதும் இல்லை. கசிவு வந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் முன் அறையில் இருந்தது. அது விழவில்லை. மனிதர் அதை ஏமாற்றி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு போர்டைத் திறந்தேன். உள்ளே எல்லாம் சுத்தம். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் டக்கென்று விழுந்து, வீட்டில் ஓடிய மின்விசிறிகள் நின்றன. ட்ரிப் சுவிட்சில் குறையே இல்லை. ‘கீசர்’ என்று எழுதிய பிரேக்கரும் அதன் இடத்தில் இருந்தது. எழுத்தைப் படித்தேன், நம்பினேன். அந்த நேரம் குளியலறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால், வீடே அணைந்திருக்கும்போது கீசரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பேன். பார்க்கவில்லை. போர்டு சுத்தமாக இருந்தது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆள் கெட்டிக்காரர், வேறெங்கோ செய்திருக்கிறார் என்று தோன்றியது. இதைக் கவனியுங்கள். சந்தேகம் தவறு என்று காட்டும் ஒவ்வொன்றும் அன்றைக்கு எனக்குச் சந்தேகத்தை வளர்க்கவே உதவியது.

குளியலறைப் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுச் சிமெண்ட் பூச்சு. அதன் நடுவிலும் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். பூச்சு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. விரலால் தட்டினேன்.

“எலி ஓட்டைன்னு அடைச்சாருங்க,” என்றார் கலா.

மிதுனா தரையைப் பார்த்தாள்.

“உள்ளே எலி இருந்துச்சா?” என்று அவளைக் கேட்டேன்.

“அது சொல்லக் கூடாதுங்க மிஸ். அம்மாகிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்கறாரு.”

கலாவின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார். “என்னடி சொல்லக் கூடாது? வேறென்னடி சொன்னாரு உங்கிட்ட?” மிதுனா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் கலாவின் கையை எடுத்துவிட்டது. “மிரட்டினா பயத்துல நாம கேக்கறத எல்லாம் ஆமான்னு சொல்லீருவாங்க,” என்று அவர் காதில் சொன்னேன். பிறகு குழந்தையிடம், “அம்மாகிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம் சாமி, அதுக்கு யாரும் உன்னத் திட்ட முடியாது. ஆனா இப்பவே சொல்லோணும்னு இல்ல,” என்றேன். கலா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அப்போது வெளியே மொபெட் வந்து நின்றது. மணி பத்தாகவில்லை. அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார்.

சுந்தரத்துக்கு ஐம்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல் மடங்காது, ரிக்கில் அடிபட்டதாம். கேட்டுக்குள் காலை வைத்தவர் என் கழுத்து அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஈ.பி.லிருந்துங்களா?”

நம் ஆபீசுக்கும் ஈ.பி.க்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்ன செய்கிறார் பார்ப்போம் என்று சும்மா நின்றேன். இதைவிடப் பெரிய தவறை நான் வேலையில் செய்ததில்லை. அவர் கலாவைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். வீட்டுக்குள் வராமல் பக்கச் சந்து வழியாகத் தறி ஷெட்டை நோக்கி வேகமாக நடந்தார். சந்து திரும்பும் இடத்தில் அது ஓட்டமாக மாறியது.

செய்ததை மறைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வருவதற்குள் கீசர் சுவிட்ச் பெட்டியைத் திறந்துவிட வேண்டும். முன் அறைக்குப் போய் மெயினை அணைத்தேன். குளியலறைக் கதவுக்கு வந்து கீசர் பெட்டியின் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினேன். இரண்டாவதும் கழன்றது. மூடியைத் தள்ளி உள்ளே விரலை விடப் போனேன்.

“மிஸ்! அதுல பட்டாம்பூச்சி இருக்குது!”

கத்தியது மிதுனா. அம்மாவின் இடுப்பிலிருந்து என்னை நோக்கிப் பாதி சரிந்திருந்தாள். நான் விரலை இழுத்துக்கொண்டேன். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் மூன்று இடத்தில் அதைப் பார்த்திருந்தேன். குழந்தை உள்ள வீடு, எங்கேயாவது ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பைக்குள்ளிருந்து டெஸ்டரை எடுத்து உள்ளே வைத்தேன். மெயின் அணைந்த வீட்டில், டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

எரிந்துகொண்டிருக்கும்போதே பின்னால் ஷெட்டில் மெயின் சுவிட்சின் இரும்பு லிவர் இறங்கும் சத்தம் கேட்டது. டெஸ்டர் அணைந்தது.

சந்துக்குள் செருப்புச் சத்தம். சுந்தரம் மூச்சிரைக்க ஓடிவந்தார். “கை வெச்சுட்டீங்களா? ஏனுங்க, கை வெச்சுட்டீங்களா?”

பச்சை ஃபைலில் மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் வைக்காமல் தொடாதே. நூறு வீட்டில் நான் அதை மீறியதில்லை. அன்றைக்கு மீறியதற்குக் காரணம் அவசரம் இல்லை. ஓர் ஆளைப் பிடிக்கப் போகிறோம் என்ற நினைப்பு. நம் வேலைக்குச் சந்தேகம் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஒருவருக்கு இருக்கும் சந்தேகம் ஓர் அளவுதான். அதையெல்லாம் சுந்தரத்தின் மேல் செலவழித்துவிட்டேன், ஒயருக்கு மிச்சம் வைக்கவில்லை. அதற்குரிய சந்தேகத்தை ஏழு வயதுப் பெண் வைத்திருந்தாள்.

கலா குழந்தையைக் கீழே இறக்கினார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்.

“ஷெட்டு லைன்ல கீசர் ஓடுதாண்ணா?”

சுந்தரம் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். “நான் இழுக்கலம்மா.”

“பொறகு?”

“ஆடிக்கு உம்புருசன் வந்திருந்தானில்ல. நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்த ரெண்டு நாள்ல அவனே இழுத்துட்டான்.”

உங்களில் ஒருவர் சென்னை என்பதால் இதை விளக்கிவிடுகிறேன். இங்கே தறி ஷெட்டுக்குத் தனி மின் இணைப்பு, அதற்கு அரசு இலவச யூனிட் தருகிறது. அந்த லைனை வீட்டுச் சாமானுக்கு இழுப்பது குற்றம், பிடிபட்டால் தறி இணைப்பே போய்விடும். இருந்தும் கீசரையோ ஃபிரிட்ஜையோ சுவரில் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் மாட்டிவிடுவார்கள். வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு அப்படியொரு லைன் இருப்பதே தெரியாது. எவ்வளவு கசிந்தாலும் அது விழாது. இந்த வீட்டில் தறி இணைப்பு கலாவின் பெயரில் இருந்தது. கீசர் வாங்கியபோதே கணவர் கேட்டிருக்கிறார், கூடவே கூடாது என்று கலா சொல்லியிருக்கிறார்.

“ஷாக் அடிக்குதுன்னு நீ அவங்கிட்டப் போன்ல சொன்னியில்ல, அன்னிக்கே எனக்குக் கூப்பிட்டான். தீபாவளிக்கு வந்து நானே கழட்டீர்றேன், அதுவரைக்கும் பாத்துக்கடா, அவகிட்டச் சொன்னீன்னா ஊடு ரெண்டாயிரும்னான். நானும் குழாய மாத்தினேன், காயில மாத்தினேன். இந்த உப்புத் தண்ணிக்கு எதுவும் நிக்க மாட்டேங்குது. பாப்பா கூடவே சுத்தறா, ஒயரப் பாத்துட்டா. சொல்லீராத சாமின்னு சொல்லிட்டு, தொடக் கூடாத எடத்துல எல்லாம் அவளையே ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். கீசர் போட்டிருந்தா குளிக்கப் போகாதன்னும் சொல்லியிருந்தேன்.”

கலா மகளைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்குத்தான் அஞ்சு வாரமா பச்சத் தண்ணிலதான் குளிப்பேன்னு அடம் புடிச்சியா?”

மிதுனா தலையாட்டினாள்.

“ஆக, இவளுக்குச் சொல்லி வெச்சீங்க,” என்று கலா சுந்தரத்திடம் சொன்னார். சத்தம் போடவில்லை. “என்னைய அடிச்சா அடிக்கட்டும்னு உட்டுட்டீங்க.”

சுந்தரம் தோளில் இருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

“இப்ப எதுக்கு ஷெட்டுக்கு ஓடுனீங்க? ஈ.பி. கண்ணுல படாம மறைக்கவா, இவங்க தொடறதுக்குள்ள கரண்ட நிறுத்தவா?”

சுந்தரம் ஷெட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். “ரெண்டுக்குந்தாம்மா.”

தப்பிக்க நினைப்பவர் இரண்டாவதை மட்டும் சொல்லியிருப்பார். காலையிலிருந்து நான் கேட்ட பேச்சில் அந்த ஒன்றைத்தான் யோசிக்காமல் நம்பினேன். அதற்காக அவர் செய்ததைச் சின்னதாக்கிவிட முடியாது. நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, ஒரு கட்டிங் பிளேயர் செய்ய வேண்டிய வேலையை நான்கு ஸ்டிக்கரிடம் கொடுத்திருந்தார். ஈரக் கையோடு நிற்கும் குழந்தை ஸ்டிக்கரைத் தேடிப் பார்க்குமா?

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மேடம்,” என்றார் கலா. “உடலாமா, கூடாதா?”

சுந்தரம் அங்கேயே நின்றார், விலகிப் போகவில்லை. அவர் காதுபடவே சொன்னேன். “ஒயருக்குத்தாங்க நான் சர்டிபிகேட் கொடுக்க முடியும். ஷெட்டு லைன இப்பவே கழட்டோணும். வீட்டு லைன்ல ட்ரிப் சுவிட்ச் வழியா புதுசா இழுக்கற வரைக்கும் கீசர் வேண்டாம். இவரப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டு. உங்க பொண்ணுக்கு இவரு கெடுதல் நெனைக்கல. உங்ககிட்ட மறைச்சதுல உங்க உசுரே போயிருக்கும். ரெண்டும் நெசம். முடிவ நீங்கதான் பண்ணோணும்.”

ஈ.பி. ஆள் இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னேன். வாசலிலேயே சொல்லியிருந்தால் அவர் ஓடியிருக்க மாட்டார், நானும் அந்த மூடியைத் திறந்திருக்க மாட்டேன்.

கலா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் டார்ச் இருந்தது.

“ஒயர நீங்களே கழட்டுங்க,” என்றார். அண்ணா என்று சொல்லவில்லை. “சுவத்த உடைச்சு முழுசா உருவோணும், துண்டு உள்ள இருக்கக் கூடாது.”

சுந்தரம் பையைத் திறந்தார். மிதுனா வழக்கம்போல ஜாமெட்ரி பாக்ஸோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கலா அவளைக் கையைப் பிடித்து எழுப்பினார். “நீ அக்கட்டால போய் உக்காரு சாமி.”

“அப்ப மாமாவுக்கு ஆரும்மா?”

“நான் இருக்கறேன்.”

மிதுனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். ஷெட் மெயினுக்குப் பூட்டுப் போட்டு, டெஸ்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்த பிறகுதான் நான் தலையாட்டினேன். பூச்சு உடைந்து விழுந்தது. சுந்தரம் ஒயரைப் பிடித்து, யாரும் கேட்காமலே, இது ஷெட் போர்டில் எந்த சுவிட்சிலிருந்து வருகிறது, இது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கலா டார்ச்சைப் பிடித்தபடி ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

பாதி உருவியிருப்பார், அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் ஒயர். கலா போனை எடுத்துத் திரையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் போட்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“டேய் சுந்தரம்,” என்றது சத்தீஸ்கரிலிருந்து ஒரு குரல், பின்னால் ரிக் எஞ்சின் இரைச்சலோடு. “அவ பக்கத்துல இல்லையே?”

சுந்தரம் கலாவை நிமிர்ந்து பார்த்தார்.

“இங்கதான்டா இருக்கறா. டார்ச்சு அவதான் புடிச்சிருக்கறா.”

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கலா போனை அணைத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, டார்ச்சைச் சுவருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

“வெளிச்சம் பத்துதுங்களாண்ணா?”